பெருச்சாளியைத் துரத்திய காடு

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி இருந்தாள். பூவாயி என்று பேர். பேரில்தான் பூ. பக்கத்தில் போனால் நாற்றம் குடலைப் புரட்டும்.

பார்த்தீர்களா, கேட்டதுமே மூக்கைச் சுளிக்கிறீர்கள்! அந்தக் காட்டு மிருகங்களும் இப்படித்தான் சுளித்தன. சுளித்ததோடு விட்டிருந்தால் நான் ஏன் இந்தக் கதையைச் சொல்லப்போகிறேன்? அவர்கள் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முழுக்கக் கேளுங்கள். உங்களுக்கும் எரியும்.

காட்டுக்கு நடுவே ஒரு குட்டை. குட்டைக்கு மேற்கே ஆதிகாலத்து மரங்கள். கிழக்கே ஒரு மலைச்சரிவு. சரிவிலும் ஒரு காலத்தில் மரம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனி வெயிலில் தீப்பிடித்து எல்லாம் கரிக்கட்டையாகிப் போயிற்று.

அந்தச் சரிவில்தான் மாடத்தி குடியிருந்தாள். மாடத்தி ஒரு சருகுமான். மான் என்று பேரே தவிர, முயல் அளவுதான் இருப்பாள். முட்டக் கொம்பு கிடையாது. ஓடினால் நாலு பாய்ச்சலில் மூச்சு வாங்கும். புதருக்குள் பதுங்கினால்தான் அவளுக்கு உயிர். புதரே எரிந்துபோனால் எங்கே பதுங்குவாள்? போன வருஷம் ஈன்ற குட்டியை ராசாளி பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது மறுபடியும் வயிற்றில் ஒன்று.

"மேற்குக் காட்டுக்குப் போகவேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கே சிறுத்தை குடித்தனம் நடத்துகிறது. நீங்கள் போய் இருந்து பாருங்கள்!

ஆகவே மாடத்திக்கு ஒரே கவலைதான். ஐப்பசியில் குட்டி பிறக்கும். அதற்குள் சரிவில் ஒரு குட்டியை மறைக்கும் அளவுக்காவது பச்சை எழும்பவேண்டும்.

பூவாயியும் அதே சரிவில்தான் இருந்தாள். மறுகோடியில், ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் பள்ளம். அந்தப் பள்ளத்தில் அவள் வளை. விடிந்ததும் மேற்குக் காட்டுக்குப் போவாள். அங்கே மரத்தின் வேரோரம் தோண்டினால், மண்ணுக்குள் கோலிக்குண்டு அளவில் காளான் விளைந்திருக்கும். வெளியே தலை காட்டாத காளான். அதுதான் அவளுக்குச் சாப்பாடு. சாயங்காலம் வளைக்குத் திரும்பிவிடுவாள். தின்பது மேற்கே, கழிப்பது கிழக்கே. வளையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புழுக்கை. அதனால் அந்தப் பக்கம் ஒருத்தரும் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். போன வருஷம் குட்டியைப் பறிகொடுத்த அன்றைக்கு, மாடத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதவள் பூவாயி ஒருத்திதான். மாடத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுகையில் பாதி அந்த நாற்றத்துக்காகவும் இருக்கும்.

இப்படியிருக்கும்போது ஊர் திரும்பினான் செவ்வால்.

செவ்வால் ஒரு மலையணில். தேன் நிறத்தில் உடம்பு, ஒரு முழத்துக்குச் சிவந்த வால். பிறந்ததிலிருந்து மண்ணில் கால் வைத்ததில்லை. மரத்துக்கு மரம் தாவியே காலம் தள்ளுகிற கூட்டம் அது. காட்டோரத்தில் பட்டணத்து ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். மண்ணை அள்ளுவார்கள், சலிப்பார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், பேசுவார்கள். செவ்வால் ஒரு மாசம் அந்தக் கூரைமேல் உட்கார்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டான்.

கேட்டதில் பொய் ஒன்றும் இல்லை. மண்ணுக்குள் நூலைவிட மெல்லிசாக வெள்ளைப் பூஞ்சை இழை ஓடுகிறது. வேரோடு வேரைக் கோக்கிறது. வேர் எட்டாத இடத்து ஈரத்தையும் சத்தையும் இழுத்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் தன் பங்குக்கு இனிப்பு ஊட்டி அதை வளர்க்கிறது. அந்த இழை இல்லாத மண்ணில் கன்று தேறாது. எல்லாம் நிஜம். மண்ணில் முழங்காலிட்டுப் பாடுபட்டுக் கண்டுபிடித்த நிஜம்.

"சரி, இந்தப் பூஞ்சை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகிறது?" என்று அந்த ஆராய்ச்சிக்கார அம்மாள் பேச ஆரம்பித்த அன்றைக்கு, பக்கத்துத் தோப்பில் பலா பழுத்தது. வாசனை வந்ததும் செவ்வால் எழுந்து போய்விட்டான்!

பாதிப் பாடத்தோடு காட்டுக்கு வந்தவன், மறுநாளே அறிவித்துவிட்டான்.

"இனிமே என்னைச் செவ்வால்னு யாரும் கூப்பிடக் கூடாது. பேராய்வாளர்னு கூப்பிடணும்!"

குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

காட்டுக்குத் தலைவர் கொம்பையா. கிழட்டுக் கடமான். நல்லவர்தான். ஆனால் யாராவது பெரிய வார்த்தையாகப் பேசிவிட்டால் வாயைப் பிளந்துவிடுவார். செவ்வால் அத்திமர உச்சியில் உட்கார்ந்து இழையைப் பற்றிப் பேசினான். கொம்பையா கீழே நின்று தலையாட்டினார்.

"ஐயா, கிழக்குச் சரிவு ஏன் இன்னும் பச்சை பிடிக்கலை தெரியுமா? இழை பத்தலை! நான் ஆராயப்போறேன். மண்ணை மட்டும் இல்லை, நம்ம சமூக வாழ்க்கையையும் ஆராயப்போறேன். யார் காட்டோட ஒட்டி வாழறாங்க, யார் ஒட்டாம வாழறாங்கன்னு கண்டுபிடிச்சு மரப்பட்டையில கீறி வைப்பேன். முதல் வரியிலேயே 'கொம்பையா அவர்கள் தலைமையில்'னு போட்டுடறேன்!"

"என் பேரா? முதல் வரியிலயா?" கொம்பையாவுக்குக் காது இரண்டும் நிமிர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து செவ்வால் கிளையில் உட்கார்ந்தபடியே கீழே போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேள்வி கேட்டான்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேரோட பேசறீங்க? யார் வீட்டுக்குப் போறீங்க? உங்க வீட்டுக்கு யார் வர்றாங்க?"

பூவாயியையும் கேட்டான். அவள் வாயில் குட்டிகளுக்கான தீனி. அதைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"பேச எங்க தம்பி நேரம்? விடிஞ்சா குழி தோண்டணும், பொழுது சாஞ்சா மூணு குட்டிக்கு ஊட்டணும். என் வீட்டுக்கு யார் வர்றா? மூக்கு இருக்கிறவன் எவனும் வரமாட்டான்."

செவ்வால் பட்டையில் கீறினான். "சமூகத்தோடு ஒட்டாதவள்." அவ்வளவுதான்! மூன்று கேள்வி, ஒரு கீறல். ஒரு ஜீவனுடைய பாடு முடிந்தது.

ஆடி பிறந்தது. குட்டைக்கரையில் கூட்டம் கூட்டினார்கள். செவ்வால் உச்சியில் நின்று பேசினான்.

"காட்டோரே! மரங்களைப் பாருங்க. மண்ணுக்கடியில ஒண்ணுக்கொண்ணு கை கோத்து நிக்குது. இருக்கிறது இல்லாததுக்குக் கொடுக்குது. நாமளும் அப்படித்தான் ஒற்றுமையா வாழணும்!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள்.

"ஆனா அந்த ஒற்றுமையையே அறுத்துத் திங்கிற ஒருத்தி நமக்குள்ள இருக்கா! தினமும் மேற்குக் காட்டுக்குப் போய் வேரைத் தோண்டறா. இழையில விளையுற காளானைத் திங்கிறா. அவ வாயில வெள்ளை இழை ஒட்டியிருந்ததை நான் கண்ணால கண்டேன்! கிழக்குச் சரிவு மொட்டையாக் கிடக்கிறதுக்கு அவதான் காரணம். பெருச்சாளி பூவாயி!"

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. ஏற்கெனவே நாலடி தள்ளித்தான் நின்றார்கள். இன்னும் நாலடி தள்ளி நின்றார்கள்.

பூவாயி முன்னால் வந்தாள். பயப்படவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கொம்பையாண்ணே, நான் திங்கிறது நிஜம். என் ஆத்தா தின்னா, அவ ஆத்தாளும் தின்னா. தின்னு தீர்ந்துபோற பொருளா இருந்தா மேற்குக் காடு என்னிக்கோ அழிஞ்சிருக்கணும்ல? நாங்க தோண்டாத மரம் அங்க ஒண்ணு கிடையாது. அது நல்லாத்தானே நிக்குது?"

என்ன நியாயமான கேள்வி! ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். செவ்வால் யோசிக்க விட்டானா?

"இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. ஆராய்ச்சிக்கு உதவாது!"

"அப்போ என் வளைக்கு வாங்க," என்றாள் பூவாயி. "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

ஆமாம், அந்தக் காட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது ஊரைவிட்டு ஒதுக்கவேண்டுமென்றால், முதலில் ஊரே திரண்டு அவர் குடியிருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். வளையோ, பொந்தோ, புதரோ, வாசலில் நின்று உள்ளதைப் பார்க்கவேண்டும். அதற்கப்புறம்தான் தீர்ப்பு. நரியைக்கூட அப்படிப் பார்த்துத்தான் ஒருமுறை மன்னித்து விட்டார்கள்.

கொம்பையா மூக்கை உறிஞ்சினார். அந்தப் பள்ளத்தின் நாற்றம் நினைவுக்கு வந்தது போலிருக்கிறது.

"பேராய்வாளர் பார்த்திருப்பாரே," என்று இழுத்தார்.

"பார்த்தேன் பார்த்தேன். மேலேயிருந்தே எல்லாம் தெரியும்!" என்றான் செவ்வால்.

எரிந்துபோன சரிவில் ஏறி நிற்க ஒரு மரம் கிடையாது. எந்த மேலேயிருந்து பார்த்தானாம்? கேட்க அங்கே ஒரு வாய் இல்லை!

இல்லை, ஒரு வாய் இருந்தது. மாடத்தியின் வாய். பூவாயி அவளைத்தான் பார்த்தாள். மாடத்திக்கும் வாய்வரைக்கும் வார்த்தை வந்தது. அந்த நேரம் பார்த்துச் செவ்வால் சொன்னான்.

"மாடத்தியம்மா, இவ போனா இழை பிழைக்கும். இழை பிழைச்சா ஐப்பசிக்குள்ள உங்க சரிவு புதர் மூடிடும். உங்க குட்டிக்காகத்தான் நான் இவ்வளவு பாடுபடறேன்!"

மாடத்தி வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் மெல்லத் தலையை ஆட்டினாள்.

அவ்வளவுதான். தீர்ப்பு முடிந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் வெறும் பாறைக்காடு. தோண்டினால் நகம் தேயும், மண் வராது. பூவாயி குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். மூன்று குட்டிக்கு மூன்று நடை. வழி நெடுக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒற்றுமையைப் பற்றி அன்றைக்குத்தான் பிரசங்கம் கேட்டவர்கள்! ஒருத்தர்கூட ஒரு குட்டியைத் தூக்கிக் கொடுக்கவில்லை. தூ!

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். குரங்குகள் நாவல் கொட்டையும் இலுப்பைக் கொட்டையும் வேங்கை விதையும் கொண்டுவந்து சரிவு முழுக்க வரிசை வரிசையாகப் புதைத்தன. மழை பெய்தது. முளைத்தது. காடே துள்ளிக் குதித்தது. செவ்வால் மரப்பட்டையில் பெரிதாகக் கீறினான். "வெற்றி!"

ஆவணியில் இலை வெளுத்தது. புரட்டாசியில் பழுத்தது.

"மழை பத்தலை," என்றான் செவ்வால்.

இன்னொரு மழை பெய்தது. கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டன.

"மழை அதிகமாயிடுச்சு!"

அப்புறம் ஒவ்வொன்றாகக் காய்ந்து சாய்ந்தன.

"குரங்குங்க கொட்டையைத் தலைகீழா நட்டுட்டாங்க!"

குரங்குகளுக்கு வந்த கோபத்தில் அவன் வாலைப் பிடித்து நாலு இழுப்பு இழுத்தன. அந்தக் காட்டில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஐப்பசி வந்தது. சரிவு மொட்டையாகவே கிடந்தது. மாடத்திக்கு வலி கண்டது. ஒரு கரிந்த கட்டையின் ஓரமாகப் படுத்துக் குட்டியை ஈன்றாள். பெண் குட்டி. முதுகில் வெள்ளைப் புள்ளி. ஈரம் காய நக்கிவிட்டாள். குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து பால் குடித்தது. மாடத்தி தன் உடம்பாலேயே அதற்கு நிழல் கொடுத்து இரண்டு நாள் அசையாமல் நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூட நகரவில்லை.

மூன்றாம் நாள் நா வறண்டுவிட்டது. தண்ணீர் இறங்காவிட்டால் பால் எங்கேயிருந்து வரும்? குட்டைக்கு ஓடினாள். ஒரே ஓட்டம், நாலு மடக்கு, ஒரே ஓட்டம். திரும்பி வருவதற்குள் ராசாளி இறங்கி ஏறிவிட்டது. குட்டி கத்தியது மேலேயிருந்து கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் செவ்வால் வந்தான். எதற்கு வந்தான் தெரியுமா? துக்கம் கேட்க இல்லை. சரிவின் ஓரத்தில் நின்ற மரத்துக் கிளையில் உட்கார்ந்து, பட்டையையும் நகத்தையும் தயாராக வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாடத்தியம்மா, இந்த இழப்பு உங்க அக்கம்பக்கத்து உறவை எவ்வளவு பாதிச்சிருக்கு? ரொம்பவா, கொஞ்சமா, சுத்தமா இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நான் கீறிக்கிறேன்."

மாடத்தி அவனை அண்ணாந்து பார்த்தாள்.

"இறங்கி வாடா கீழே!" என்று கத்தினாள். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று யாருக்கும் தெரியாது. "ஒருதரம் இறங்கி வாடா!"

செவ்வால் இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டான். "பதில் சொல்ல மறுத்துவிட்டார்," என்று கீறினான்.

மாடத்தி கால் போன போக்கில் ஓடினாள். சரிவின் மறுகோடியில் பாறை வந்தது. கண்ணீரில் கண் தெரியாமல் பாறையைச் சுற்றியவள், பின்னாலிருந்த பள்ளத்தில் தடுக்கி விழுந்தாள்.

விழுந்த இடத்தில் அவளுக்கு அடிபடவில்லை. உடம்பெல்லாம் இலை உரசியது. தலையைத் தூக்கினாள். மேலே வானம் தெரியவில்லை.

பூவாயியின் பழைய வளை அது. வளையைச் சுற்றி நாவலும் வேங்கையும் இலுப்பையும் பச்சைப் பசேலென்று அடர்ந்து நின்றன. காற்றிலும் பறவையாலும் வந்து விழுந்த விதைகள். யாரும் வரிசை பிடித்து நடவில்லை. ஒரு சருகுமானும் நாலு குட்டியும் தாராளமாகப் பதுங்கலாம். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது!

மாடத்தி எழுந்தாள். குளம்பால் மண்ணைக் கிளறினாள். உள்ளே காய்ந்த புழுக்கை. ஒவ்வொரு புழுக்கையிலிருந்தும் வெள்ளை வெள்ளையாக இழை கிளம்பி ஓடியது. ஒன்றைப் பின்தொடர்ந்து கிளறினாள். அது நேரே போய் ஒரு கன்றின் வேரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேற்குக் காட்டுக் காளானைத் தின்றவள், அதன் விதைத்தூளை வயிற்றில் சுமந்து வந்து எரிந்த மண்ணில் போட்டிருக்கிறாள். தினமும் போட்டிருக்கிறாள். சரிவில் உயிர் பிடித்த ஒரே இடம், ஊரே மூக்கைப் பொத்திய இடம்!

மாடத்தி நேரே கொம்பையாவிடம் போனாள். "ஐயா, வாங்க" என்று கூப்பிடவில்லை.

"வாய்யா!" என்றாள். "நீ ஆடி மாசம் வந்திருக்க வேண்டிய இடத்துக்கு இப்பவாவது வா!"

ஊர் திரண்டு போனது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தது. மாடத்தி புழுக்கையையும் இழையையும் வேரையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பொத்த முகம் வேண்டுமே!

"எனக்கு எப்படித் தெரியும் மாடத்தி?" என்று முனகினார் கொம்பையா.

"உனக்குத் தெரியாதுன்னுதான்யா போய்ப் பார்க்கச் சொல்லி முன்னோருங்க வழக்கம் வச்சாங்க! அந்தப் பாறை வரைக்கும் நடந்திருந்தா என் குட்டி இன்னிக்கு உயிரோட இருந்திருக்கும். உன் பேரு முதல் வரியில வரணும்னு அதைக் கொன்னுட்டியே!"

கொம்பையா தலையைத் தொங்கப் போட்டார். அந்தப் பெரிய கொம்பு அன்றைக்குத்தான் அவருக்குப் பாரமாக இருந்திருக்கும்.

பூவாயியைக் கூட்டிவர மாடத்தி தனியாகப் போனாள். ஓடையைத் தாண்டினாள். பாறை இடுக்கில் பூவாயி எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். நகமெல்லாம் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தது. பக்கத்தில் மூன்று குட்டிகள், கத்தக்கூடத் தெம்பில்லாமல்.

"அக்கா..." என்றாள் மாடத்தி.

"அக்காவா? யாருக்கு யாருடி அக்கா?" பூவாயி சீறினாள். "அன்னிக்கு வாய் செத்தா போச்சு உனக்கு? உன் குட்டி போனப்போ உன் பக்கத்துல உட்கார்ந்து அழுதேனே, அது ஞாபகம் வரலையா? அந்த மரத்து மேல இருந்தவன் பேச்சு பெரிசாப் போச்சு, என் மூஞ்சி சிறுசாப் போச்சு, இல்லை?"

மாடத்தி ஒன்றையும் மறுக்கவில்லை.

"ஆமாக்கா. நானும் தலையாட்டினேன். என் குட்டி பிழைக்கும்னு ஆட்டினேன். அதுவும் போயிடுச்சு."

பூவாயி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். "எப்போ?"

"நேத்து."

 பூவாயி எழுந்து முதல் குட்டியை வாயில் கவ்வி எடுத்தாள். இரண்டாவதை மாடத்தி கவ்வினாள். மூன்றாவதுக்கு, மாடத்திக்குத் தெரியாமல் பின்னால் வந்து ஓடைக்கரையில் தயங்கி நின்ற கொம்பையா இறங்கி வந்தார்.

"அண்ணே, உங்களுக்காக நான் வரலை," என்றாள் பூவாயி, கரையேறியதும். "எனக்கு இன்னும் கோபம் ஆறலை. ஆறவும் ஆறாது. இவளுக்காக வர்றேன். சரிவு பச்சை பிடிக்க இன்னும் ரெண்டு மழைக்காலமாவது ஆகும், நான் தின்னு நடந்தாத்தான் ஆகும். நடுவுல எவனாவது ஆராய்ச்சின்னு வந்தா கடிச்சு வச்சிடுவேன்!"

இத்தோடு கதை முடிந்திருக்கலாம். செவ்வால் விட்டால்தானே!

மறுநாள் உச்சி வெயிலில் ஊரைக் கூட்டினான். சரிவோரத்து மரத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"காட்டோரே! என் ஆறு மாச ஆராய்ச்சி வெற்றிகரமா முடிஞ்சிருக்கு. பெருச்சாளிப் புழுக்கை மூலமாத்தான் பூஞ்சை பரவுதுன்னு நான் கண்டுபிடிச்சிருக்கேன்! பெருச்சாளி இருந்தா என்ன ஆகும், இல்லேன்னா என்ன ஆகும்னு ரெண்டையும் நிரூபிச்சிருக்கேன்!"

நான் கண்டுபிடித்தேனாம்! நிரூபித்தேனாம்! பூவாயி பேரைக்கூட அவன் சொல்லவில்லை.

மாடத்தி முன்னால் வந்தாள். இந்த முறை அவள் கத்தவில்லை.

"என் குட்டி செத்துச்சே, அது உன் ஆராய்ச்சியில எங்க இருக்கு?"

செவ்வால் பட்டைகளைப் புரட்டினான். "அது... அது வந்து, ஆராய்ச்சி பண்ணும்போது ஏற்படற சின்னச் சேதம்மா. கடைசிப் பட்டையில ஓரமா இருக்கு."

 குரங்குகள் மரத்தில் ஏறின. செவ்வாலை நாலு பக்கமும் பிடித்துக் கீழே இறக்கின. மொட்டைச் சரிவின் நடுவில், அந்தக் கரிந்த கட்டையின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு விலகின.

"என் குட்டி நின்ன இடம் அது," என்றாள் மாடத்தி. "பிறந்து மூணே நாள் நின்னுச்சு. நீ கொஞ்ச நேரம் நில்லு."

செவ்வாலின் பாதம் முதன்முதலாக மண்ணைத் தொட்டது. வெயிலில் மண் சுட்டது. சுற்றிலும் பார்த்தான். ஏற ஒரு கிளை இல்லை, பதுங்க ஒரு இலை இல்லை. அவன் பேச்சைக் கேட்டு நட்ட கன்றுகள் வரிசையாகச் செத்துக் கிடந்தன. மேலே வானம் மட்டும் இருந்தது.

வானத்தில் ஒரு புள்ளி வட்டமிட்டது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஐயோ! ராசாளி!" செவ்வால் அலறினான். ஓடத் தெரியவில்லை. தரையில் ஓடிப் பழகியிருந்தால்தானே! சிவந்த வால் மண்ணில் இழுபட்டது. "காப்பாத்துங்க! யாராவது காப்பாத்துங்க!"

நிழல் அவன்மேல் விழுந்தது. மாடத்தி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சத்தம் மறுபடி கேட்கவேண்டாம் என்றிருந்தது.

"இந்தப் பக்கம்டா, மூடனே!" பாறையோரத்திலிருந்து பூவாயியின் குரல் வந்தது. "பள்ளத்துல குதி! வளைக்குள்ள போ!"

செவ்வால் உருண்டான், புரண்டான், பள்ளத்தில் குதித்தான். புழுக்கையும் சேறுமாக இருந்த வளைக்குள் தலைகுப்புறப் பாய்ந்தான். ராசாளியின் நகத்தில் வால்மயிர் ஒரு கொத்துதான் சிக்கியது.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தான். உடம்பெல்லாம் நாற்றம்.   மாடத்தியின் பக்கம் திரும்பினான்.

மாடத்தி அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"உனக்காவது போய் விழ ஒரு வளை இருந்துச்சு," என்றாள். "அந்த வளைக்காரியை நீ துரத்தினதாலதான், என் குட்டிக்கு அப்படி ஒரு இடம் இருக்குன்னு சொல்லக்கூட யாரும் இல்லாமப் போச்சு."

செவ்வால் அந்தப் புழுக்கைச் சேற்றிலேயே தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டான். 

ஒருத்தருடைய வாழ்வை எடைபோடும் முன் அவர் வாசலில் போய் நின்று பார்க்காத படிப்பு, எவ்வளவு பெரிய படிப்பானாலும், அதற்குத் தலையாட்டுகிற ஊரையும் சேர்த்துக் கெடுக்கும்.